சத்தியத்துக்கு மூன்றாம் நாள்

உப்பந்திட்டில் முப்பத்தொரு ஆண்கள் இனிக் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்த மூன்றாம் நாள் காலை, தனசேகர் தொடையளவுத் தண்ணீரில் விழுந்து செத்துப்போனான்.

அது தை மாதம். பழவேற்காடு ஏரியின் தண்ணீர் எலும்பு வரைக்கும் போய்த் தொடுகிற மாதம். உப்பந்திட்டு ஏரிக்கு நடுவில் ஒரு சின்னத் திட்டு. நாற்பது வீடு, ஒரு மாதா கோயில், ஒரு எல்லையம்மன் கோயில். வலை வைத்திருப்பவர்கள் குறைவு. பனையோலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறாலும் நண்டும் பிடிப்பதுதான் ஆணுக்கும் பெண்ணுக்கும் பிழைப்பு. ஒரு தடவை இறங்கினால் நாலைந்து மணி நேரம் தண்ணீரிலேயே நிற்க வேண்டும். "தண்ணில எறங்கணும்னா உள்ள கொஞ்சம் தண்ணி போவணும்" என்று ஆண்கள் சொல்வார்கள். முதலில் இறங்குவதற்கு முன்னால் மட்டும். பிறகு கரையேறியதும். பத்து வருஷத்தில் பலருக்குக் காலையிலிருந்து படுக்கும்வரை.

இரண்டு வருஷம் ஆண்களிடம் பேசிப் பேசிச் சத்தியத்துக்கு ஏற்பாடு செய்தவள் மார்கரெட். வீடு வீடாகப் போய்ச் சர்க்கரையும் பிரஷரும் பார்த்து மாத்திரை கொடுக்கிற வேலை அவளுக்கு. மகளிர் குழுவுக்கும் அவள்தான் தலைவி. எந்த வீட்டில் எந்தப் பெண்ணுக்குக் கன்னம் வீங்கியிருக்கிறது, எந்த வீட்டில் சோறு ஆக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியாமல் இருக்காது. அக்கரையிலிருந்து பாட்டில்களை வாங்கிவந்து வீட்டில் வைத்து விற்றுக்கொண்டிருந்தவனின் வாசலில் ஒன்பது நாள் பெண்களை உட்காரவைத்து அவனை ஊரைவிட்டே போகச் செய்தாள். அதன் பிறகுதான் சத்தியம். மாதாவை வணங்குபவர்கள் பைபிள் மீதும், மற்றவர்கள் அம்மன் கோயில் கற்பூரத்தின் மீதும் கை வைத்தார்கள். மீறினால் அவன் வீட்டுச் சரக்கை ஒரு மாதத்துக்குத் தன் படகில் ஏற்றுவதில்லை என்று ஊர்த் தலைவர் அங்கமுத்து அறிவித்தார். திட்டிலிருந்து அக்கரைக்குப் போகிற என்ஜின் படகு அவருடையதுதான். அதில் ஏற்றாவிட்டால் பிடித்த இறால் கூடையிலேயே அழுகும்.

மார்கரெட்டின் கணவன் ஜான்சனும் சத்தியம் செய்தவர்களில் ஒருவன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் குடிப்பவன். அழுக்குச் சட்டையைக் கழற்றிப் போடுவதுபோல் அன்றோடு விட்டுவிட்டான். எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று மார்கரெட் நினைத்தாள். மனசு வைத்தால் போதும் என்றுதான் கூட்டத்திலும் பேசினாள்.

தனசேகர் விழுந்தபோது அவன் மனைவி வளர்மதி பத்தடி தள்ளிக் குனிந்திருந்தாள். யாரோ தண்ணீரைக் கையால் அடிப்பதுபோல் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். தனசேகரைக் காணவில்லை. அவன் பறி மட்டும் மிதந்தது. ஓடிவந்து தூக்கியவர்களின் கையில் அவன் உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. கரைக்குக் கொண்டுவருவதற்குள் அடங்கிவிட்டது.

மார்கரெட்டுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மார்பை அமுக்கினாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து ஊதினாள். கால் மணி நேரம் ஊதியிருப்பாள். அவன் வாயில் சேறும் உப்பும் இருந்தன. வேறு எந்த வாசனையும் இல்லை. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தபோது ஊரே சுற்றி நின்றது.

"குடிச்சிக்கீறானா?" என்று அங்கமுத்து கேட்டார்.

"இல்லண்ணா. சத்தியமா இல்ல" என்றாள் வளர்மதி. "ரெண்டு நாளா சோறே உண்ணல. கை ஆடிக்கினே இருந்துச்சி. காலைல கூட, யாரோ கூப்புடறாங்க போய்ப் பாருன்னான். யாரும் கூப்புடல."

"அது குடிச்சவன் பேசற பேச்சும்மா" என்றார் அங்கமுத்து. பிறகு மார்கரெட்டைப் பார்த்தார்.

மூச்சு வாங்கிக்கொண்டிருந்ததால் அவள் உடனே பதில் சொல்லவில்லை. மூச்சு சீரான பிறகும் சொல்லவில்லை. சுற்றி நின்ற ஆண்களின் முகங்களைப் பார்த்தாள். அத்தனை முகத்திலும் பயம். சத்தியத்தை மீறினவனை மூன்றாம் நாளே தெய்வம் கொண்டுபோய்விட்டது என்கிற பயம். அந்தப் பயம் இருக்கும்வரை மற்ற முப்பது பேரும் பாட்டிலைத் தொட மாட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. அவள் தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. எழுந்து புடவையிலிருந்த சேற்றைத் தட்டிக்கொண்டாள். அதையே ஊர் பதிலாக எடுத்துக்கொண்டது.

காரியத்துக்கு வந்தவர்கள் வளர்மதி வீட்டில் கை நனைக்காமல் திரும்பினார்கள். படகில் அவள் ஏறினால் பக்கத்தில் இருப்பவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். மூத்த மகள் நந்தினியைப் பள்ளிக்கூடத்தில் சத்தியத்தை மீறினவன் பொண்ணு என்று அடையாளம் சொன்னார்கள். வளர்மதி யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. யாராவது கேட்டால் மட்டும், "எம்புருசன் குடிக்கல" என்று ஒரே வாக்கியத்தைச் சொல்வாள். கொஞ்ச நாளில் கேட்பவர்களும் இல்லாமல் போனார்கள்.

முப்பது பேரும் குடிக்கவில்லை. அது உண்மை. மாசி மாதம் அந்த முப்பது பேரின் வீட்டிலும் அடிதடி இல்லை. ஒரு கல்லூரியிலிருந்து பிள்ளைகள் வந்து மார்கரெட்டைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அவள் வீட்டுச் சுவரில் சாய்ந்து நின்று சிரிக்கிற படம். அதை அனுப்பிவைத்தபோது அவள் ஒரு தடவை பார்த்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

பங்குனியில் இரண்டாவது சத்தியம் வைத்தார்கள். தை மாதம் காட்டுப்பள்ளிப் பக்கம் கூலிக்குப் போயிருந்த ஐந்து பேர் திரும்பியிருந்தார்கள். ஆறாவதாக, யாரும் கூப்பிடாமலே வந்து நின்றவன் ஆதிகேசவன்.

திட்டிலேயே பெரிய குடிகாரன் அவன்தான். முதல் சத்தியத்தன்று ஆரம்பாக்கத்தில் இருக்கிற மாமன் வீட்டுக்கு ஓடிப்போனவன். பாட்டில் விற்றவன் போன பிறகும் அக்கரைக்குப் போய்க் குடித்துவிட்டு, இடுப்பில் இரண்டு செருகிக்கொண்டு வருவான். மாசியில் ஒரு நாள் போதையில் தள்ளிவிட்டதில் அவன் மனைவி மாலாவுக்கு வலது கை ஒடிந்தது. கட்டுப் போட்ட கையால் அவளால் தலை வார முடியவில்லை. தினமும் காலையில் அவனே அவளை முன்னால் உட்காரவைத்து, எண்ணெய் வைத்து, சிக்கெடுத்துப் பின்னிவிட்டான். ஆறு வாரம் பின்னினான். கட்டு அவிழ்த்த மறுநாள் கோயிலுக்கு வந்து, "எங்கிட்டயும் வாங்கிக்க மார்கரெட்டு" என்றான்.

மார்கரெட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. கற்பூரத் தட்டை அவளே எடுத்து நீட்டினாள்.

முதல் நாள் சாயங்காலம் அவனுக்கு வேர்த்துக் கொட்டுகிறது என்று மாலா சொன்னாள். வெயில் காலம், யாருக்குத்தான் வேர்க்கவில்லை என்றாள் மார்கரெட். இரண்டாம் நாள் வாந்தி எடுத்தான். டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை ஆடியது. "கெட்டதெல்லாம் வெளிய போவுது, விடு" என்றாள். அப்படிச் சொல்லும்போது அவளுக்குள் ஏதோ ஒன்று இடறியது. என்ன என்று அவள் நின்று பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு மாலா ஓடிவந்தாள்.

"செவுத்துல நண்டு புடிக்கறான்க்கா."

"இன்னா சொல்றே?"

"செவுரு முழுக்க நண்டு ஏறுதுன்றான். ஒண்ணொண்ணா புடிச்சிப் பறில போடறான். எங்கையில பறியக் குடுத்து, நல்லாப் புடின்றான்க்கா. பறி காலியா கீது."

மார்கரெட் போனபோது அவன் வீட்டு வாசலில் ஏற்கெனவே பத்துப் பேர் நின்றிருந்தார்கள். அங்கமுத்துவும் வந்திருந்தார். உள்ளே ஆதிகேசவன் சட்டையில்லாமல், முதுகெல்லாம் வேர்வை வழிய, சுண்ணாம்புச் சுவரை இரண்டு கையாலும் தடவிக்கொண்டிருந்தான். தண்ணீரில் எப்படிக் குனிந்து தடவுவானோ அப்படியே. விரல் நுனிகள் தேய்ந்து சுவரில் ரத்தக் கோடுகள் இருந்தன. அவன் திரும்பி மார்கரெட்டைப் பார்த்தான். ஆனால் பேசியது அவளுக்குப் பின்னால் நின்ற யாரிடமோ.

"தள்ளி நில்லு நைனா. கடிச்சிடும்" என்றான். அவன் அப்பா செத்து இருபது வருஷம்.

"மூணு நாள் கூடத் தாங்கல பாரு" என்றார் அங்கமுத்து. "இவன் ஊட்டுச் சரக்கு இன்னியிலருந்து படகுல ஏறாது. ஒருத்தனுக்கு ஒரு ஞாயம், இன்னொருத்தனுக்கு ஒரு ஞாயம்னு இருக்கக் கூடாது."

மார்கரெட் அவன் முகத்துக்கு அருகே போனாள். அவன் வாயிலிருந்து சூடான மூச்சு அவள் கன்னத்தில் பட்டது. புளித்த வாந்தியின் நாற்றம் இருந்தது. சாராய வாசனை துளியும் இல்லை. பிரஷர் பார்க்கிற மெஷினை எடுத்து அவன் கையில் கட்டினாள். அந்தக் கை துள்ளிக்கொண்டே இருந்ததால் இரண்டு தடவை எண் வராமல், மூன்றாம் தடவை வந்தது. அவ்வளவு பெரிய எண்ணை அவள் திட்டில் யாருக்கும் பார்த்ததில்லை. நாடி, ஓடிக் களைத்த நாயினுடையதுபோல் அடித்தது.

சோறு உண்ணவில்லை. கை ஆடியது. யாரோ கூப்பிட்டார்கள். வளர்மதி ஈரப் புடவையோடு கரையில் நின்று சொன்ன மூன்றும் அப்போது ஒவ்வொன்றாக மார்கரெட்டின் காதில் விழுந்தன. தை மாதத்தில் விழ வேண்டியவை.

வாசலுக்கு வெளியே போய், அக்கரை சுகாதார நிலையத்து நர்ஸ் ஜெஸ்ஸிக்குப் போன் போட்டாள்.

"தெனமும் எவ்ளோ குடிப்பாரு?" என்று ஜெஸ்ஸி கேட்டாள்.

"காலைலருந்து குடிப்பான் சிஸ்டர். எவ்ளோன்னு தெரியாது."

"எப்ப நிறுத்தினாரு?"

"முந்தாநேத்து காலைல. சத்தியம் பண்ணான்."

"உடனே இட்டுனு வாங்க. ஆம்புலன்ஸ கரைக்கு அனுப்பச் சொல்றேன். தண்ணிப் பக்கம் தனியா விடாதீங்க. எப்ப வேணா இழுப்பு வரும். வாயில எதுவும் ஊத்தாதீங்க, பொறை ஏறிடும்."

மார்கரெட் உள்ளே திரும்பியபோது மாலா அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்துக்கொண்டிருந்தாள். கால்வாசி இருந்தது.

"ரெண்டு மூடி ஊத்துனா அடங்கிடுவான்க்கா. எனக்குத் தெரியும். முன்னாடிலாம் அப்டித்தான் அடங்குவான்."

வாசலில் நின்றவர்கள் அந்த பாட்டிலைப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். மாலா அதை மறைக்கவில்லை. புருசனின் உயிரைக் கையில் வைத்திருப்பதுபோல் இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம் என்று மார்கரெட்டுக்குத் தோன்றியதுதான் கொடுமை. தான் சத்தியம் வாங்கியதால் வந்தது இது. ஆனால் ஜெஸ்ஸி சொன்னது காதில் இருந்தது. பாட்டிலை வாங்கிக் கீழே வைத்தாள்.

"அங்கமுத்தண்ணா, படகு எடு. இவன் குடிக்கல. குடிக்காததாலதான் இப்டி ஆயிருக்கான்."

"இன்னா பேச்சு இது?"

"எடுண்ணா. அப்பால சொல்றேன்."

அவள் குரலில் என்ன இருந்ததோ, அவர் மறுபேச்சுப் பேசாமல் கரைக்கு நடந்தார். ஜான்சனும் இன்னும் இரண்டு பேரும் ஆதிகேசவனைத் தூக்கிவந்தார்கள். அவன் காலால் உதைத்தான். மணலில் கால் வைக்க மாட்டேன் என்றான். மணல் முழுக்க நகர்கிறது என்றான்.

பங்குனியில் முகத்துவாரம் மணல் ஏறி மூடிக்கிடக்கும். கடல் தண்ணீர் உள்ளே வராது, ஏரி வற்றும். அரை மணி நேரப் பயணம் அன்று பாதி வழியில் நின்றது. என்ஜின் சேற்றைக் கிளறிக் கறுப்புக் குமிழி விட்டு அணைந்தது. சுற்றிலும் கணுக்காலளவுத் தண்ணீர். அதற்குக் கீழே முழங்கால் வரை சேறு. வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் குத்தியது. அக்கரையில் ஆம்புலன்ஸின் வெள்ளை நிறம் சின்னதாகத் தெரிந்தது.

ஆதிகேசவன் அதுவரை முனகிக்கொண்டிருந்தவன், சட்டென்று அமைதியானான். வானத்தைப் பார்த்தான். அவன் பல் கடிக்கும் சத்தம் மார்கரெட்டுக்குக் கேட்டது. அவன் முதுகு வில்லாக வளைந்தது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தன. படகே ஆடியது. மாலா வீறிட்டு அவன் மேல் விழப்போனாள். ஜான்சன் அவளைப் பிடித்துக்கொண்டான்.

அங்கமுத்து துடுப்பைக் கையில் பிடித்தபடி உறைந்து நின்றார். இதே இழுப்பை அவர் தை மாதம் பார்த்திருக்கிறார். தனசேகரைத் தூக்கியவர்களில் அவரும் ஒருவர். மார்கரெட் அவரைப் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார்.

அவள் ஆதிகேசவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே தன் முந்தானையைச் சுருட்டி வைத்தாள். வாயில் எதையும் திணிக்காமல், நுரையை மட்டும் துடைத்தாள். இழுப்பு நின்றபோது அவன் மூச்சு குறட்டையாக வந்தது. ஜான்சனும் அங்கமுத்துவும் மற்ற இருவரும் சேற்றில் இறங்கிப் படகைத் தோளால் தள்ளினார்கள். ஒவ்வொரு அடிக்கும் கால் புதைந்தது. ஒரு மணி நேரம் தள்ளினார்கள். கரை சேர்வதற்கு முன் இன்னொரு தடவை இழுத்தது.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் அவனைக் கட்டிலோடு துணியால் கட்டி, ஊசி மேல் ஊசி போட்டார்கள். மதியம் மூன்று மணிக்குமேல் அவன் கை ஆடுவது குறைந்தது. ஆபத்து இன்னும் போகவில்லை, ஆனால் நேரத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று டாக்டர் சொன்னார். சின்ன வயசுப் பெண். கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருப்பு.

"யாரும்மா திடீர்னு நிறுத்தச் சொன்னது?"

"நான்தாம்மா."

டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். திட்டவில்லை. "நிறுத்தச் சொன்னது தப்பில்ல. எல்லாருக்கும் ஒரே மாதிரி நிறுத்தச் சொன்னதுதான் தப்பு. எப்பவாவது குடிக்கறவங்க விட்டுட்டுப் போயிடலாம். வருஷக் கணக்குல காலைலருந்து குடிக்கறவங்க உடம்பு அது இல்லாம தாங்காது. ரெண்டாம் நாள், மூணாம் நாள் வலிப்பு வரும், புத்தி தடுமாறும், உயிரே போகும். அவங்கள முன்னாடியே இங்க கூட்டிட்டு வந்து, படுக்கவச்சு, மருந்து குடுத்துத்தான் நிறுத்தணும். வந்து எங்களக் கேட்டிருக்கலாமே."

"கேட்கணும்னு தோணலம்மா. மனசு வச்சா போதும்னு நெனச்சேன்" என்றாள் மார்கரெட். "அந்த வலிப்பு தண்ணில நிக்கும்போது வந்தா?"

"எவ்வளவு ஆழம்?"

"தொடை வரைக்கும்."

"அவ்வளவுகூடத் தேவையில்லம்மா" என்றார் டாக்டர். "முகம் முங்கினா போதும்."

திரும்பும்போது படகில் ஜான்சன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் தை மாதத்தில் நடந்ததைச் சொன்னாள். தனசேகர் வாயில் வாசனை இல்லை என்று தனக்குத் தெரியும் என்றாள்.

"செத்தவன் செத்துட்டான். இப்ப சொல்லி இன்னா ஆவப்போவுது?" என்றான் ஜான்சன்.

என்ஜின் பக்கம் நின்றிருந்த அங்கமுத்துவின் காதிலும் அது விழுந்திருக்க வேண்டும். அவர் சொன்னது வேறு. "இத நீ ஊர்ல சொன்னேன்னு வையி, நிறுத்துனா செத்துடுவோம்னு ஒருத்தன் ஆரம்பிப்பான். ஒரே வாரத்துல பாட்டிலு திரும்பி வந்துடும். ரெண்டு வருசம் நீ பட்டதெல்லாம் போச்சி. யோசிச்சிக்க."

அவர் சொன்னதும் பொய்யில்லை. இரண்டு நாள் மார்கரெட் யோசித்தாள். எந்த வீட்டுக்கும் மாத்திரை கொடுக்கப் போகவில்லை.

மூன்றாம் நாள் காலை அவள் ஏரிக்குள் இறங்கி வளர்மதி இருக்கிற இடத்துக்குப் போனாள். வளர்மதி பறியைப் பல்லில் கடித்துக் குனிந்திருந்தாள். ஆள் வருவது தெரிந்தும் நிமிரவில்லை. இரண்டு கையும் தண்ணீருக்கு அடியில் சேற்றைத் தடவியபடி இருந்தன. மார்கரெட் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். ஆதிகேசவன் சுவரில் நண்டு பிடித்ததை, டாக்டர் சொன்னதை, கடைசியாகத் தன் வாயால் தனசேகரின் வாயில் ஊதியபோது தெரிந்துகொண்டதை.

வளர்மதி ஓர் இறாலைப் பிடித்துப் பறியில் போட்டாள். இன்னும் நாலடி தடவிக்கொண்டு போனாள். மார்கரெட்டும் கூடவே போனாள். பறியைப் பல்லிலிருந்து எடுத்தபோது வளர்மதியின் உதட்டோரத்தில் ஓலைத் தடம் பதிந்திருந்தது.

"அன்னிக்கே தெரியுமா ஒனக்கு?"

"குடிக்கலன்னு தெரியும். ஏன் செத்தான்னு தெரியாது."

"குடிக்கலன்னு தெரியும்." வளர்மதி அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். அவள் அழவில்லை. "தண்ணிக்குள்ள நின்னுக்கினு எங்கிட்ட எதுக்குச் சொல்ற? எனக்குத்தான் முன்னாடியே தெரியுமே. ஊரக் கூட்டிச் சொல்லு. எம்பொண்ணுங்க கேக்கணும்."

பறியை மறுபடி கடித்துக்கொண்டு குனிந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஊர் கூடியது. வளர்மதி இரண்டு மகள்களோடு முன்வரிசையில் வந்து உட்கார்ந்தாள். மார்கரெட் எழுந்து நின்றாள். ஒன்றையும் விடாமல் சொன்னாள். தனசேகர் குடிக்கவில்லை; கொடுத்த சத்தியத்தைக் காப்பாற்றினான்; காப்பாற்றியதால் செத்தான்; குடிக்கவில்லை என்று அன்றே எனக்குத் தெரிந்தும், மற்றவர்கள் பயந்து திருந்தட்டும் என்று வாய் மூடி இருந்தேன் என்றாள்.

பிறகு பின்னாலிருந்து சீனிவாசனின் குரல் வந்தது. காட்டுப்பள்ளியிலிருந்து திரும்பி வந்தவர்களில் அவனும் ஒருவன். பங்குனிச் சத்தியத்தை ஒரு நாள்கூடக் காக்காதவன் என்று எல்லாருக்கும் தெரியும்.

"அப்ப நாங்க குடிக்கலாம்ன்றியா?"

சிலர் சிரித்தார்கள். ஒரு பெண் எழுந்து, "இவ பேச்சக் கேட்டு எம்புருசன நிறுத்த வச்சேனே, அவனுக்கு எதுனா ஆயிருந்தா?" என்று கத்தினாள். இன்னொருத்தி மார்கரெட்டைக் கொலைகாரி என்றாள். ஜான்சன் எழப்போனான். மார்கரெட் கையைக் காட்டி உட்காரச் சொன்னாள்.

வளர்மதி எழுந்தாள். மார்கரெட்டின் பக்கம் திரும்பவே இல்லை. அங்கமுத்துவைப் பார்த்து, "நீ சொல்லுண்ணா. எம்பொண்ணுங்களப் பாத்துச் சொல்லு" என்றாள்.

அங்கமுத்து தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். "ஒங்க நைனா சத்தியம் மீறலம்மா" என்றார். "நாங்கதான் தப்பாப் பேசிட்டோம்." நந்தினி தரையைப் பார்த்தபடி தலையசைத்தாள். சின்னவள் அம்மாவின் புடவையை இறுகப் பிடித்துக்கொண்டாள். வளர்மதி இருவரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். கூட்டம் அதற்குப் பிறகும் கத்திக்கொண்டிருந்தது.

அங்கமுத்து பயந்தது நடந்தது. பத்து நாளில் திட்டில் மறுபடி காலி பாட்டில்கள் கிடந்தன. தை மாதம் விட்டவர்களில் ஏழு பேர் ஆரம்பித்துவிட்டார்கள். டாக்டரே சொல்லிவிட்டார், நிறுத்தினால் உயிர் போகும் என்று சொல்லிக்கொண்டே குடித்தார்கள். மகளிர் குழுவில் பாதிப் பேர் மார்கரெட் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்தினார்கள். அவள் சுவரில் யாரோ சேற்றை வாரி அடித்திருந்தார்கள். கழுவிய பிறகும் அந்த இடம் கறுத்துத் தெரிந்தது.

ஆனால் பதினோரு பேர் அவள் வீட்டுக்கு வந்தார்கள். ஒவ்வொருவராக, மற்றவர் கண்ணில் படாமல். எத்தனை வருஷமாக, ஒரு நாளைக்கு எவ்வளவு, காலையில் எழுந்ததும் கை ஆடுகிறதா என்று அவள் கேட்டாள். இரண்டு வருஷமாக இவர்களிடம் அவள் பேசிக்கொண்டே இருந்திருக்கிறாள். இதை ஒரு தடவையும் கேட்டதில்லை. நான்கு பேரை ஜெஸ்ஸி மூலம் பொன்னேரிக்கு அனுப்பினாள். பதினைந்து நாள் கழித்து ஆதிகேசவன் திரும்பிவந்தான். பாதி உடம்பாக இருந்தான். ஊசி போட்ட இரண்டு கையும் நீலமாக இருந்தன. சுவரில் நண்டு பிடித்தது அவனுக்கு நினைவில்லை. விரல் நுனியில் ஏன் புண் என்று மாலாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தான். அவள் சொல்லவில்லை.

சீனிவாசன் வரவில்லை. வழியில் பார்த்து மார்கரெட் கூப்பிட்டதற்கு, "ஆஸ்பத்திரியும் வேணாம் ஒண்ணும் வேணாம். நான் நெனச்சா நானே விட்டுடுவேன்" என்று சிரித்தான். எப்போது நினைப்பான் என்று அவன் சொல்லவில்லை. அதுதான் அவளைத் தூங்கவிடாமல் செய்தது. திட்டில் இன்னும் எத்தனை பேர், யாரிடமும் சொல்லாமல், வீம்புக்கோ வெட்கத்துக்கோ இன்று காலை நிறுத்தியிருப்பார்கள்? நேற்று நிறுத்தியிருப்பார்கள்? அவள் தினமும் காலையில் கரைக்கு வந்து, தண்ணீரில் குனிந்திருக்கும் முதுகுகளைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். தூரத்தில் எல்லா முதுகும் ஒன்றுபோல் இருக்கும். யாருக்குக் கை ஆடுகிறது என்று கரையிலிருந்து தெரியாது. கை தண்ணீருக்குள் இருக்கும்.

சித்திரை கடைசியில் ஒரு நாள், அவள் அடுப்படியில் இருந்தபோது வாசலில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. வந்து பார்த்தாள்.

வளர்மதி நின்றிருந்தாள். கூட்டத்துக்குப் பிறகு அவள் மார்கரெட்டோடு ஒரு வார்த்தையும் பேசியதில்லை. இடுப்பு வரை சேறு. அவள் கையில் சீனிவாசனின் சட்டைக் காலர் இருந்தது. அவனைத் தண்ணீரிலிருந்து இழுத்துக்கொண்டே வந்திருக்கிறாள். வழியில் எங்கோ விழுந்து அவன் முழங்காலில் ரத்தம் வந்திருந்தது. முகம் வெளிறி வேர்த்திருந்தது. அவன் இப்போது சிரிக்கவில்லை. இரண்டு கையையும் அக்குளில் இடுக்கி மறைத்துக்கொண்டிருந்தான். தோள்வரை ஆடியது.

"எப்ப நிறுத்தினே?" என்று மார்கரெட் கேட்டாள்.

"நேத்து காலைல" என்றான். பிறகு கதவுக்குப் பின்னால் பார்த்து, "அங்க யாரு?" என்றான்.

அங்கே யாரும் இல்லை.

"பக்கத்துலதான் புடிச்சிக்கினு இருந்தான்" என்றாள் வளர்மதி. "பறியக் கடிக்க முடியல. மூணு வாட்டி கீழ வுட்டான்." காலரை விட்டாள். "பாரு இவன."

மார்கரெட் அவனைத் தோளைப் பிடித்துத் தரையில் உட்காரவைத்தாள். ஒரு கையால் ஜெஸ்ஸிக்குப் போன் போட்டாள். வளர்மதி அங்கமுத்துவின் படகு இருக்கும் பக்கமாக, ஈரப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள்.